வம்பை விலைக்கு வாங்கியது யார்?

ஒரே இரவு மழையில் ஒரு நகர்ப்பகுதி மூழ்கினால், தண்ணீர் வடிவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "ஏரியில வீடு கட்டினா வேற என்ன ஆகும்?" ஆங்கிலம் பழகியவர்கள் இதையே 'ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்' என்பார்கள். தொல்லையைக் கேட்டு வாங்கினார்கள் என்று பொருள். அதே மொழியில் ஆபத்தை 'கோர்ட்' செய்வதும் உண்டு. பெண்ணின் மனத்தைப் பிடிக்கப் பின்னாலேயே அலைபவனைப் போல ஆபத்தின் பின்னால் அலைவது. புதுச்சேரிக்குப் பழக்கமான பிரெஞ்சில் தொல்லையைத் தேடிப் போகிறார்கள். தமிழில் நாம் வம்பை விலைக்கு வாங்குகிறோம், வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறோம். கேட்க நகைச்சுவையாக இருக்கும் இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றும் மூன்று குற்றச்சாட்டுகளைச் சுமந்து வருகின்றன. ஆபத்து அவருக்கு முன்பே தெரியும். வேறு வழி இருந்தும் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். விளைவும் அவர் தலையிலேயே விழுந்தது. மூன்றும் சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடியவை. அப்படிச் சோதிக்கப் புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சோதனைக்குத் தேவையான கருவி ஒன்று தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது: 'கொள்' என்ற துணைவினை. 'தலையில் கல்லைப் போட்டுக்கொண்டான்' என்றால் அடிபட்டது அவன் தலை. 'தலையில் கல்லைப் போட்டான்' என்றால் அடிபட்டது இன்னொருவர் தலை. ஒரு துணைவினை விடுபட்டால் தற்கொலை முயற்சி கொலை முயற்சியாகிவிடும். செயலின் பயனோ பாதிப்போ செய்தவரிடமே திரும்புகிறது என்பதைத் தமிழ் இப்படி வினைக்குள்ளேயே முடிச்சுப் போட்டு வைக்கிறது. வரவழைத்துக்கொண்டார், தேடிக்கொண்டார், இழுத்துப் போட்டுக்கொண்டார் எல்லாவற்றிலும் அந்த முடிச்சைப் பார்க்கலாம். ஆங்கிலத் தொடரில் அது இல்லை. 'அங்கே துறைமுகம் கட்டுவது ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்' என்று எழுதினால் வாக்கியம் ஒழுங்காகத்தான் இருக்கும். தொல்லை யாருக்கு என்ற கேள்வி மட்டும் எழாது. இதையே தமிழில் சொல்லப் போனால் 'வரவழைத்தார்களா, வரவழைத்துக்கொண்டார்களா' என்று நாக்கு ஒரு கணம் தயங்கும். (இந்த வகைத் தயக்கங்களை ஆராய விரும்புவோர் வெளியூர் போக வேண்டியதில்லை. புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இலாசுப்பேட்டையில், இதே உழவர்கரைக்குள்தான் இருக்கிறது.)

உழவர்கரை என்றதும் ரெட்டியார்பாளையமும் இலாசுப்பேட்டையும் கதிர்காமமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரெஞ்சு ஆட்சிக்காலத்து எல்லைக்கோடுகளின் விசித்திரத்தால், நடுவே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் வந்துபோன பிறகு, பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரிக்குள், உழவர்கரைக்குள் வந்துவிடுகின்றன. பிள்ளைச்சாவடி மீனவர் கிராமம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது அங்கே கடலோர வீடுகள் இடிந்து விழுந்தன. கடலை ஒட்டி வீடு கட்டினால் கடல் வரத்தானே செய்யும் என்பது இதற்குக் கிடைக்கும் சுலபமான விளக்கம். அந்த விளக்கம் நிற்குமா என்று பார்க்கக் கடற்கரை மணலின் போக்குவரத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். சற்றுச் சாய்வாகவே வந்து ஏறும். ஏறும்போது கையளவு மணலையும் அந்தச் சாய்விலேயே மேலே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேர்கீழாக இறங்கும். ஆக, ஒரு மணல் துகள் ஏறிய இடத்துக்கே திரும்பி வருவதில்லை. ஓரிரு அடி தள்ளி இறங்குகிறது. அடுத்த அலை இன்னும் ஓரிரு அடி. ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கி அந்தத் துகள் கரையோரமாக நடந்துகொண்டே இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. வாடைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் தெற்கே திரும்புகிறது. வரவு செலவைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே பயணம் செய்கிறது. நிலையாக ஓரிடத்தில் கிடப்பதாக நாம் நினைக்கும் கடற்கரை உண்மையில் ஓர் ஆறு. தண்ணீருக்குப் பதில் மணல் ஓடுகிறது. தெற்கிலிருந்து வருவதும் வடக்கே போவதும் சமமாக இருக்கும்வரை கரை அதே அகலத்தில் இருப்பதுபோல் தோன்றும். அந்த ஆற்றின் குறுக்கே யாராவது அணை கட்டினால், மேல்புறம் மணல் தேங்கும், கீழ்புறம் வறண்டுபோகும்.

1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அப்படியோர் அணையாக அமைந்தன. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே நகரத்தின் கடற்கரை மெலிந்து, கடைசியில் மணலே இல்லாமல் கருங்கல் மட்டும் மிஞ்சியது. மணல் கிடைக்காத அலை சும்மா திரும்பிப் போகாது; கரையிலிருந்து தன் பங்கை அள்ளிக்கொள்ளும். அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் பிழைத்தது. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிவாரத்து மணலைத் தோண்டியது. சுவர் முடிகிற இடத்தில் பாதுகாப்பில்லாத கரை முன்னைவிட வேகமாகக் கரைந்தது. உடனே அங்கும் கல். இப்படிக் கல்லும் அரிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகளாகி, மீண்டும் எல்லை தாண்டி உழவர்கரையின் பிள்ளைச்சாவடிக்கு வந்து சேர்ந்தன. தூண்டில் வளைவு என்பதும் சிறிய அணைதான். தன் தெற்குப் பக்கத்துக்கு மணலைப் பிடித்துக் கொடுக்கும். அது பிடித்துவைத்த மணல் வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டியது. ஒரு கிராமம் தூண்டில் வளைவு கேட்டுப் போராடி வாங்கினால், அடுத்த கிராமமும் கேட்டே தீர வேண்டிய நிலைக்கு ஆளாகிறது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "நடந்து முடிந்த பிறகு துறைமுகம் கட்டியவர்களைக் குறை சொல்வது சுலபம். அன்றைக்கு அவர்களுக்கு இது தெரிந்திருக்குமா?" நியாயமான தடை, இதற்குப் பின்னால் கனமான உளவியல் ஆய்வும் இருக்கிறது. 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு இன்னார் வென்றார், அல்லது எவரும் வெல்லவில்லை என்று ஏதாவது ஒரு முடிவைச் சொன்னார். பிறகு, முடிவு தெரியாதவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பிருந்தது என்று கணியுங்கள் என்றார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ அதுவே அதிக வாய்ப்புள்ளதாக அவர்களுக்குப் பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1995-இல், கிம் கமினும் ஜெஃப்ரி ராச்லின்ஸ்கியும் இதை வெள்ளத்தில் சோதித்தார்கள். வெள்ள அபாயத்தைக் கண்காணிக்க ஒரு நகராட்சி பாலத்தில் ஆள் போட வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டும் என்றவர்கள் கால்வாசிப் பேர்தான். அதே விவரங்களோடு வெள்ளம் வந்துவிட்டது என்று மட்டும் சேர்த்துச் சொன்னபோது, ஆள் போடாதது அலட்சியம் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் தீர்ப்பளித்தார்கள். நம் மனம் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, வழியெங்கும் எச்சரிக்கைப் பலகைகளை நட்டுக்கொண்டே போகிறது. 'வம்பை விலைக்கு வாங்கினான்' என்று சொல்வதற்கு நமக்குக் கிடைக்கும் தைரியத்தில் பெரும்பங்கு இந்தப் பின்யோசனையிலிருந்து வருகிறது.

அதனால்தான் தெரியுமா தெரியாதா என்பதற்கு, விபத்துக்கு முன்பே எழுந்து நின்ற சான்று வேண்டும். புதுச்சேரி விஷயத்தில் அது கிடைக்கிறது, அதுவும் 150 கிலோமீட்டர் தூரத்துக்குள். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது. தெற்கே மணல் தேங்கி இன்றைய மெரினாவின் பெருவெளி உருவானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. புதுச்சேரிச் சுவர்களுக்கு முந்தைய நூறாண்டுக் காலமாக இந்தப் பாடம் எல்லார் கண்முன்னும் கிடந்தது. இதைவிட நெருக்கமான சான்று துறைமுகத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. மணல் தடைபடும் என்று தெரியாதவர்கள் இப்படியோர் ஏற்பாட்டைச் சேர்த்திருக்க மாட்டார்கள். சுவர்கள் எழுந்தன, மணல் கடத்தும் வேலை மட்டும் ஆண்டுதோறும் முறையாக நடக்கவில்லை. ஒருமுறை கட்டிவிட்டுத் திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைக்கும், யாரும் பார்க்காத நேரத்தில் காலமெல்லாம் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலைக்கும் நம் நிர்வாகங்களில் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இருப்பதில்லை. ஆக, முதல் இரண்டு குற்றச்சாட்டுகள், அதாவது முன்பே தெரியும், வேறு வழி இருந்தது என்பவை, துறைமுகத்தின் மீது நிற்கின்றன. மூன்றாவது நிற்கவில்லை. விளைவு விழுந்தது பல கிலோமீட்டர் வடக்கே, கட்டுவதா வேண்டாமா என்று யாரும் கேட்காதவர்கள் வீட்டில். இலக்கணப்படி இங்கே 'கொள்' வராது.

சரி, பிள்ளைச்சாவடிக்காரர்கள் வேறிடம் போயிருக்கலாமே என்பது அடுத்த தடை. மீனவருக்குக் கடலோர வீடு காற்று வாங்கும் ஆடம்பரம் கிடையாது. படகை இழுத்து ஏற்ற, வலையை உலர்த்த, மீனைக் காயவைக்க, கரைவலை இழுக்க மணற்பரப்பு வேண்டும். படகு கண்ணில் படும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். அந்த வீடுகள் எழுந்தபோது நடுவில் அகலமான மணல் இருந்தது. அவர்கள் கடலருகே போகவில்லை. கடல்தான் அவர்களருகே வந்தது. 1969-இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆபத்துகளை இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். பனிச்சறுக்கு போலத் தானாக ஏற்றுக்கொள்ளும் ஆபத்து ஒருவகை. பிறர் நம் மீது சுமத்தும் ஆபத்து மறுவகை. தானாக ஏற்பதென்றால், சுமத்தப்படுவதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு பெரிய ஆபத்தையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் மதிப்பிட்டார். அந்த ஆயிரம் என்ற எண்ணைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். பிரிவினை மட்டும் நிலைத்தது. ஆழ்கடலுக்குப் படகில் போகிறவர் பெரிய ஆபத்தைத் தானே ஏற்கிறார், அதைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. வீட்டுச் சுவர் இடிவதைப் பற்றித்தான் புகார். இந்த இரண்டையும் ஒரே தொடரால் சுட்டுவது கணக்கில் கூட்டலையும் கழித்தலையும் ஒரே குறியால் எழுதுவதற்குச் சமம்.

ஏரி வீட்டுக்கு வருவோம். அது இதைவிடச் சிக்கலான வழக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அதற்கு முன் பேசப்பட்ட உச்சம் 2004 அக்டோபர் 31-இன் 21 செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டரில் 46 செ.மீ. பெய்தால் அது 4 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர் தண்ணீர். கோரிமேடும் இலாசுப்பேட்டையும் செம்மண் மேடு. அங்கிருந்து ஓடி வரும் நீர் கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சதுக்கம் போன்ற பள்ளங்களைத் தேடித்தான் வரும். இங்கே மனை வாங்கியவர் வம்பையும் சேர்த்து வாங்கினாரா? நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று வானிலைக்காரர்கள் சொல்வது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதைத்தான். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 26 விழுக்காடு வருகிறது. நாலில் ஒன்று. இந்தக் கணக்கு வாங்குபவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், பள்ளம் என்று தெரிந்தும் விலை மலிவுக்காக வாங்கியிருந்தால், 'வாங்கிக்கொண்டார்' என்று சொல்லலாம். பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், எல்லைகள் இருக்கும், வாய்க்கால் எங்கே போனது என்ற விவரம் இருக்காது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்த அலுவலகத்திடம் அந்த விவரம் இருந்திருக்க வேண்டும். நான் இதில் வாங்கியவரை முற்றாக விடுவிக்க மாட்டேன். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும் இடங்கள் உண்டு. ஆனால் பொறுப்பைப் பங்கு போட்டால் அவருக்கு வருவது சிறிய பங்கு, அவர் கட்டும் அபராதமோ முழுத்தொகை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: பேச்சுவழக்கில் ஒரு மரபுத்தொடரைச் சொல்வதற்கா இத்தனை நீதிமன்றம்? யாரும் வம்பை உண்மையில் விலைக்கு வாங்கியதாக நினைப்பதில்லையே? நினைப்பதில்லை என்பது உண்மை, சிக்கலும் அதில்தான். பழகிய மரபுத்தொடரின் வழக்குப் பொருளை மூளை மிக விரைவாகப் பிடித்துவிடுகிறது, சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டிப் பார்க்க நிற்பதில்லை என்று ரேமண்ட் கிப்ஸ் 1980-இல் செய்த சோதனைகளிலிருந்து தெரிகிறது. 'அவர்தான் முழுப் பொறுப்பு' என்று வெளிப்படையாகச் சொன்னால் கேட்பவர் ஆதாரம் கேட்பார். மரபுத்தொடரில் மடித்துக் கொடுத்தால் ஆதாரம் கேட்கும் வேலையே நடப்பதில்லை. அதோடு இன்னொரு சாய்வும் சேர்கிறது. 1966-இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் நடத்திய சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதை (அது நடிப்பு) பார்வையாளர்கள் பார்த்தார்கள். தடுக்க வழியில்லை, துன்பம் தொடரும் என்று தெரிந்தபோது அவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிக்கத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப விரும்பும் மனத்துக்கு, பாதிக்கப்பட்டவர் ஏதோ செய்திருக்க வேண்டும் என்பது பெரிய ஆறுதல். பள்ளத்தில் வீடு கட்டாதவர், கடலோரம் குடியிருக்காதவர் நிம்மதியாகத் தூங்க அந்த ஆறுதல் உதவுகிறது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம், முட்டாள்தனத்துக்கு உதாரணமாக. விலங்கியல் அறிந்தவர்களைக் கேட்டால், குளித்த தோலில் மண் பூசிக்கொள்வது வெயிலிலிருந்தும் கடிக்கும் பூச்சிகளிடமிருந்தும் யானை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தனக்குத்தானே செய்துகொள்ளும் கேடாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்கு நல்ல காரணமுள்ள தேர்வாக இருக்கலாம். பழமொழி எத்தனை நூற்றாண்டு சொல்லப்பட்டாலும் யானையின் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்டதில்லை.

2018-இல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி காந்தி சிலைக்கு வடக்கே, தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகத்தை அது குறைத்ததில், பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மணல் திரும்ப வந்தது. சுற்றுலாப் பயணிகள் இப்போது அங்கே கால் நனைக்கிறார்கள். மணல் போகும் பாதையை மறிப்பதற்கும், மறித்த மணலைத் திருப்பிக் கொடுப்பதற்கும் தொழில்நுட்பம் இரண்டுமே நம்மிடம் இருக்கின்றன. நகரத்தின் முகப்புக்கு இரண்டாவது கிடைத்தது. வடக்கே கல்லும் தூண்டில் வளைவும் தொடர்கின்றன. பிள்ளைச்சாவடிக்கு அடுத்த ஊர் சின்னக் காலாப்பட்டு, அதற்கடுத்தது பெரிய காலாப்பட்டு. மணல் இன்றும் அந்தத் திசையில்தான் போகப் பார்க்கிறது.